தோற்ற இரவில் தூங்கத் தெரிய வேண்டும்

குகேஷ் யார் வீட்டுப் பிள்ளை? 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் அந்தப் பதினெட்டு வயது இளைஞர் உலக சதுரங்கச் சாம்பியன் ஆன அன்றே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. தமிழக முதல்வர் ஸ்டாலின் இது சென்னைக்குக் கிடைத்த பெருமை என்று வாழ்த்தினார். தமிழக அரசின் சார்பில் ஐந்து கோடி ரூபாய் பரிசும் அறிவிக்கப்பட்டது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவோ நம் தெலுங்குப் பிள்ளை என்று சொல்லி வாழ்த்தினார். அப்புறம் இரண்டு மொழிக்காரர்களும் சமூக ஊடகங்களில் மல்லுக்கட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது கடினமல்ல. குகேஷின் பூர்வீகம் சத்தியவேடு வட்டாரத்தில் உள்ள செஞ்சுராஜு கண்டிரிகை. நேற்று வரை சித்தூர் ஜில்லா. 2022 ஏப்ரலில் பிரிந்தபின் திருப்பதி ஜில்லா. அதற்கும் முன்னே போனால், சத்தியவேடு பகுதிக் கிராமங்கள் பலவும் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தவை. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. இவை இந்தப் பக்கம் வந்தன. பிள்ளை பிறந்தது சென்னையில். படித்தது வேலம்மாள் பள்ளியில். வீட்டில் பேசுவது தெலுங்கு. 2025 மார்ச்சில் திருமலைக்கு வந்து முடி காணிக்கை செலுத்திவிட்டுப் போனார். எல்லையோரத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் இருப்பது வழக்கம்தானே!

ஆனால் இந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் மறுபடி தோற்றார். அந்த இரண்டு இரவுகளையும் அவர் எப்படிக் கடந்தார்? பந்தயத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது என்று எனக்குப் படுகிறது. அப்படிப் படக் காரணமும் உண்டு.

டிக்கெட் ஜன்னலில் ஒரு தகப்பனும் மகனும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருப்பதி ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் இருந்தேன். ஒருவர் ஜன்னலுக்கு வந்து, "சித்தூருக்கு ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்" என்றார். பக்கத்தில் பத்துப் பதினோரு வயதுப் பையன். கக்கத்தில் சுருட்டி வைத்த சதுரங்க விரிப்பு.

"போட்டிக்கு வந்தீங்களா தம்பி?" என்று பையனைத்தான் கேட்டேன். பதில் தகப்பனாரிடமிருந்து வந்தது.

"வந்தோம் சார். ஜெயிச்ச ஆட்டத்தைக் கொண்டுபோய்த் தோத்தான். முதல் ரவுண்டு தோத்தான். அதோட மிச்ச ரவுண்டும் வரிசையாத் தோத்தான். ஒரு நாள் கூலியும் போச்சு, கட்டின பணமும் போச்சு."

"நைனா, ரெண்டாவது ரவுண்டுல…" என்று பையன் ஏதோ சொல்லத் தொடங்கினான்.

"வாயைத் திறக்காதே."

மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். பாகாலா வழியாகப் போகும் காட்பாடி பாசஞ்சருக்கு இன்னும் நேரம் இருந்தது. தகப்பனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பையன் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தான். டீக்காரர் வந்து போனார். இருவரும் வாங்கவில்லை.

அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் பணமும் நேரமும் செலவழித்துப் பிள்ளையை அழைத்து வந்தவர். அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என் மனத்தில் தங்கிவிட்டது: முதல் ரவுண்டு தோத்தான், அதோட மிச்ச ரவுண்டும். முதல் ரவுண்டில் அவனைத் தோற்கடித்தவன் எதிரே இருந்த பையன். மற்ற ரவுண்டுகளில் தோற்கடித்தது எது?

எனக்கு அந்தப் பதில் தெரியும். நானும் அந்த வழியில் போனவன்.

சித்தூர் மெசானிகல் மைதானத்தில் நான் 400 மீட்டர் ஓடிப் பழகியவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபின், விளையாட்டு ஒதுக்கீட்டில் எப்படியாவது ஒரு வேலை என்பதுதான் வீட்டுக்கும் எனக்கும் கனவு. 2010-இல் ஒரு நிறுவனத்தின் தேர்வு ஓட்டத்துக்கு அழைப்பு வந்தது. முதல் நாள் இரவு கண் மூடவில்லை. அம்மா வைத்திருந்த நகைக் கடன் ஞாபகம் வந்தது. தோற்றால் தெருவில் யார் யார் என்ன கேட்பார்கள் என்று வரிசையாக எண்ணிப் பார்த்தேன். மறுநாள் காலை கோட்டில் குனிந்து நின்றபோது காதில் என் நெஞ்சுத் துடிப்புத்தான் கேட்டது. துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடிவிட்டேன். ஒரே ஒரு முறை முந்தினாலும் வெளியேற்றம் என்ற சர்வதேச விதி அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். ஆக, ஓடாமலே தோற்றேன். பிற்பாடு பரீட்சை எழுதி ரயில்வே குமாஸ்தா ஆனது வேறு கதை.

என் காலில் குறை இல்லை. பயிற்சியிலும் குறை இல்லை. பயிற்சி கொடுக்காமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. அது மனம். மனத்துக்கும் பயிற்சி உண்டு என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் நடந்தது

இனி சிங்கப்பூருக்கு வருவோம். மொத்தம் 14 ஆட்டங்கள். எதிரே சீனாவின் டிங் லிரென், நடப்புச் சாம்பியன். 2024 நவம்பர் 25-ஆம் தேதி முதல் ஆட்டம். வெள்ளைக் காய் குகேஷுக்கு. வெள்ளைக்காரர் முதலில் நகர்த்துவதால் அவருக்குச் சிறிது அனுகூலம் உண்டு. அந்த அனுகூலத்தோடு ஆடியும் தோற்றார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் அரங்கில், வாழ்நாளின் மிகப் பெரிய பந்தயத்தில், முதல் நாளே தோல்வி. நம்ம பாகாலா பாசஞ்சர் பையனுக்கு வந்த அதே நிலைமைதான்.

அன்று லிப்டில் விசுவநாதன் ஆனந்தைச் சந்தித்ததாகக் குகேஷ் பின்னால் சொன்னார். எனக்குப் பதினோரு ஆட்டங்கள்தான் மீதி இருந்தன, உனக்குப் பதின்மூன்று இருக்கின்றன என்ற பொருளில் ஆனந்த் தேற்றினாராம். வேறு யார் சொல்லியிருந்தாலும் அது வெறும் ஆறுதல். ஆனந்த் சொன்னது அனுபவம்.

2010-இல் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் டொபலோவை எதிர்த்து 12 ஆட்டங்கள் கொண்ட உலகப் பட்டப் போட்டி. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பிய வானமே சாம்பல் மூடிக் கிடந்த நேரம், விமானங்கள் ஓடவில்லை. ஆனந்த் ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ நாற்பது மணி நேரம் தரைமார்க்கமாக வேனில் பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாம் ஆட்டத்தில் வென்றார். கடைசியாகப் பன்னிரண்டாம் ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடி வென்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இந்த ஆனந்தின் தகப்பனார் தென்னக ரயில்வேயில் உயர் அதிகாரியாக இருந்தவர் என்பதில் எங்கள் இலாகாக்காரர்களுக்குத் தனிப் பெருமை.

குகேஷும் அப்படித்தான் எழுந்தார். இரண்டாம் ஆட்டம் சமன். மூன்றாம் ஆட்டத்தில் வெற்றி. பிறகு வரிசையாக ஏழு ஆட்டங்கள் சமன். டிசம்பர் 8-ஆம் தேதி பதினோராவது ஆட்டத்தில் வென்று முன்னிலைக்கு வந்தார். மறுநாளே பன்னிரண்டாம் ஆட்டத்தில் டிங் அவரை நசுக்கினார். மறுபடி சமநிலை, மீதி இரண்டே ஆட்டங்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த நாட்களில் தனக்குச் சரியான தூக்கம் இல்லை என்று குகேஷ் தன் மனப்பயிற்சியாளரிடம் சொன்னார். அவர் சில மாற்றங்களைச் சொன்னார். அவற்றைக் கடைப்பிடித்து, கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முன் எட்டு மணி நேரமாவது தூங்கியதாகவும், புத்துணர்ச்சியோடு பலகை முன் உட்கார்ந்ததாகவும் குகேஷே பின்னர் விவரித்தார். உலகப் பட்டத்துக்கும் தோல்விக்கும் நடுவில் நின்ற ஒருவர் அன்று தேடியது புதிய காய் நகர்த்தலை மட்டுமல்ல, ராத்திரித் தூக்கத்தையும்தான்.

பதினான்காம் ஆட்டம் சமநிலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சமன் ஆகியிருந்தால் மறுநாள் வேகச் சதுரங்கத்தில் முடிவு. அதில் டிங்குக்கே சாதகம் என்று பலரும் கணித்திருந்தார்கள். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல். வல்லுநர்கள் பலர் இது சமன்தான் என்று தீர்த்துவிட்டார்கள். குகேஷ் மட்டும் விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டுப் போனால் மிஞ்சும் சிப்பாய்களை வைத்துக் குகேஷ் ஜெயித்துவிடலாம். 58-ஆவது நகர்த்தலோடு டிங் கை கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை. காஸ்பரோவ் 22-ஆவது வயதில் பெற்ற பட்டத்தை 18-இல் பெற்றார் நம் பிள்ளை. கண்ணீர் வழிய, காய்களை மறுபடி அதனதன் இடத்தில் வரிசையாக அடுக்கி வைத்தார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

பின்னால் நின்றவர்

அந்த மனப்பயிற்சியாளரின் பெயர் பேடி அப்டன், தென்னாப்பிரிக்கர். 2011-இல் தோனி தலைமையில் இந்தியா உலகக் கோப்பை கிரிக்கெட்டை வென்றபோது, பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனுடன் அணியின் மனப்பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர். 2023-இலிருந்து இந்திய ஹாக்கி அணியோடும் வேலை செய்தார். சிங்கப்பூர்ப் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே குகேஷோடு பேசி வந்தார்.

அவர் மந்திரம் எதுவும் போடவில்லை. பேட்டிகளில் அவர் சொன்னதன் சாரத்தை நம் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். பெரிய போட்டி என்பதற்காகப் புதிதாக எதையும் செய்யப் போகாதே. இதுவரை உன்னைக் கொண்டுவந்து சேர்த்ததையே செய். முன்னிலையில் இருந்தால் என்ன செய்வது, பின்தங்கினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வை. ஆட்டம் நடக்கும்போது முடிவைப் பற்றி யோசிக்காதே. எதிரே இருக்கும் நகர்த்தலை மட்டும் பார்.

மூன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடியவைதாமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் சொல்வது வேறு, பழக்குவது வேறு. தண்டால் எடு என்று சொன்ன மாத்திரத்தில் புஜம் திரண்டுவிடுமா? தினமும் எடுத்தால்தான் திரளும். மனமும் அப்படியே. பதற்றம் வரும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பதற்றம் இல்லாத நேரத்தில் நூறு முறை செய்து பழக வேண்டும்.

குகேஷும் அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் பெற்றவரல்ல. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவிடம், வெல்ல வேண்டிய ஆட்டத்தை நழுவவிட்டார். அந்தத் தோல்வியோடு அணியின் தங்கக் கனவும் மங்கி வெண்கலத்தில் முடிந்தது. தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை. 2024 ஏப்ரலில் கனடாவின் டொரான்டோவில் நடந்த கேன்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் பிரான்ஸின் பிரூஜாவிடம் தோற்றார். ஆனால் இந்தப் போட்டி நம்முடையது என்று தனக்குத் தோன்றிய தருணம் எது என்று கேட்டபோது, அந்தத் தோல்விக்குப் பிந்திய நேரத்தைத்தான் குகேஷ் குறிப்பிட்டார். முதல் தோல்வியில் தலையைத் தாங்கிக்கொண்டவர், இரண்டாம் தோல்வியில் தெம்பு பெற்றார். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவர் சதுரங்கம் மட்டும் கற்றிருக்கவில்லை என்பது தெளிவு.

இது புது வித்தையல்ல

விளையாட்டு மனோதத்துவம் என்பது நேற்றுப் பிறந்த சாஸ்திரமல்ல. 1898-இலேயே அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளட் என்பவர், தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறவரைவிடப் போட்டியாளரோடு சேர்ந்து ஓட்டுகிறவர் வேகமாகப் போவதைக் கவனித்து ஆராய்ந்தார். 1925-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிபித் இதற்கென்றே ஆய்வுக்கூடம் நடத்தினார். அதே 1925-இல் மாஸ்கோவில் கூடிய சதுரங்க மேதைகளை ரஷ்ய மனோதத்துவ அறிஞர்கள் பரிசோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் உலகச் சாம்பியன் ஆன பொத்வின்னிக், தனக்குப் புகையிலை நாற்றம் ஆகாது என்பதால், பயிற்சி ஆட்டங்களில் எதிராளியைத் தன் முகத்துக்கு நேரே புகை விடச் சொல்லிப் பழகினாராம். எது தொந்தரவு செய்கிறதோ அதை முன்கூட்டியே பழகிக்கொள்வது. மனப்பயிற்சியின் பாதி அதுதான்.

யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1908-இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். சரியான வழியைக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்கினார்கள். தவறினால் மின்சார அதிர்ச்சி. எளிதான வேலையை அதிர்ச்சி கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமான வேலையிலோ அளவான அதிர்ச்சி உதவியது. அதிர்ச்சி மிஞ்சியபோது கற்பது தடுமாறியது. மனிதன் எலியல்ல. ஆனாலும் பயமுறுத்திப் பழக்கலாம் என்று நினைக்கிற தகப்பன்மார்களும் மாஸ்டர்களும் இந்தச் சோதனையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். சதுரங்கமும் சரி, கடைசி ஓவரில் பந்து போடுவதும் சரி, எளிய வேலைகள் அல்லவே!

பயந்தால் உடம்பில் நடப்பது எல்லோருக்கும் ஒன்றுதான். அட்ரினலின் சுரக்கிறது; இதயம் அடித்துக்கொள்கிறது; மூச்சு மேலோட்டமாகிறது; கை வியர்க்கிறது. இது கோழைத்தனமல்ல. பாம்பைக் கண்டால் ஓடுவதற்காக இயற்கை கொடுத்த ஏற்பாடு. சாம்பியனுக்கும் இது வரும். வந்ததும் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. வித்தியாசம் அங்கேதான்.

பீஜிங்கில் 2008-இல் இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கித்தந்த துப்பாக்கி வீரர் அபினவ் பிந்த்ரா, அதற்கு முன் ஜெர்மனியில் சுமார் நாற்பது அடி உயரக் கம்பத்தில் ஏறி அதன் உச்சியில் நின்று பழகினார். பயந்தபடியே நின்று, பயத்தோடு வேலை செய்யக் கற்றார். இறுதிச் சுற்றில் கடைசித் தோட்டாவுக்கு முன் இன்னொருவரோடு புள்ளி சமமாக இருந்தது. பிந்த்ரா சுட்டது 10.8.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஹாக்கிக் காலிறுதி. பிரிட்டனை எதிர்த்து ஆடுகையில் 17-ஆம் நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோல்வி. தங்கம் போயிற்று என்று உட்கார்ந்து அழ நேரமில்லை. மேலும் இரண்டே நாளில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். அந்த இரண்டு நாளைத் தாண்டியதுதான் பயிற்சியின் பலன்.

எதிரே இருந்தவரும் மனிதரே

டிங் லிரெனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமல்ல. 2023 ஏப்ரலில் ரஷ்யாவின் நெபோம்னியாச்சியை வென்று சாம்பியன் ஆனவர் அவர். பட்டம் வாங்கிய பிறகு மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. தூக்கம் கெட்டது. பல மாதங்கள் போட்டிகளுக்கே வரவில்லை. இதையெல்லாம் அவர் மறைக்காமல் வெளியே சொன்னார். சிங்கப்பூரில் அவர் ஒரே ஆட்டத்தோடு வீழ்ந்துவிடுவார் என்று ஆரூடம் சொன்னவர்கள் உண்டு. அவரோ கடைசி நாள் வரை சமமாக நின்றார்.

பட்டம் மனநோய்க்கு வேலியல்ல. பதற்றம் என்பது வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. பதற்றத்துக்குப் பயிற்சி போதும். நோய்க்கு டாக்டர் வேண்டும். பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதைத் தோல்வி வருத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசின் டெலி-மானஸ் சேவையில் இலவச ஆலோசனை கிடைக்கும். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.

வென்றவருக்கும் சோதனை ஓயவில்லை. 2025 ஜூன் 1-ஆம் தேதி நார்வேயில் குகேஷ் முதல்முறையாகக் கார்ல்சனை நீண்ட நேர ஆட்டத்தில் வென்றபோது, கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கும் அந்த ஒரு நொடி அடங்கவில்லை! அதே ஆண்டு செப்டம்பரில் கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றார். நவம்பரில் கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாம் சுற்றோடு வெளியேறினார். மனப்பயிற்சி எடுத்தால் தோல்வியே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தோல்வி வராமல் தடுக்கும் தாயத்தல்ல. ஒரு தோல்வி இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருவதைக் குறைக்கும் பழக்கம். அதுவும் எல்லா நாளும் பலிப்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆள் வரவழைக்க நம்மிடம் பணம் இல்லை. ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியவை பல.

போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் போகலாம். ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டதால் எல்லாம் போய்விடாது. அதற்கு முந்தின வாரம் முழுவதும் நேரத்துக்குப் படுத்து எழுந்தால் உடம்பில் இருப்பு இருக்கும். படுக்கையில் செல்போன் வேண்டாம்.

பதற்றம் வந்தால் மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விட வேண்டும். ஐந்தாறு முறை செய்தால் இதயத் துடிப்புத் தணியும். இதைப் போட்டியன்று முதன்முதலாகச் செய்து பயனில்லை. தினமும் பழக வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் செய்வதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். ஷூ கயிறு கட்டுவது, தண்ணீர் குடிப்பது, பேனா எடுத்து வைப்பது என்று எதுவாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசை. பழகிய வேலையில் கை ஈடுபட்டால் மனம் ஊர் சுற்றாது.

'ஜெயிக்க வேண்டும்' என்பது நம் கையில் இல்லை. எதிராளி கையிலும் பாதி இருக்கிறது. 'ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் எதிராளி என்ன செய்வான் என்று பார்ப்பேன்' என்பது நம் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு இலக்குக் கொடுத்தால் இரண்டாவது வகையைக் கொடுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. தோற்று வெளியே வரும் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை. அடுத்த ரவுண்டுக்கு அவன் எடுத்துப் போவதும் அந்த முகத்தைத்தான். குகேஷின் தகப்பனார் காது மூக்கு தொண்டை டாக்டர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தி வைத்தவர். தாயார் மைக்ரோபயாலஜிஸ்ட், அவர் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. நாம் எல்லோரும் அவ்வளவு தியாகம் செய்ய முடியாது. ஒரு டீ வாங்கிக் கொடுக்க முடியும். என்ன தப்பு செய்தாய் என்று உடனே கேட்காமல், மறுநாள் காலை உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும்.

நம் ஊரில் ஒரு வழியும் இருக்கிறது. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்துக்குத் தாரகராமா ஸ்டேடியம் சொந்தம். அதே பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத் துறையும் உண்டு. ஸ்டேடியத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு அந்தத் துறை மாணவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மூச்சும், தூக்கமும், கவனமும் சொல்லிக் கொடுத்தால் இரண்டு தரப்புக்கும் படிப்புத்தான். கோடைகால விளையாட்டு முகாம்களில், நான் பார்த்த வரையில், மனப்பயிற்சிக்கென்று ஒரு வகுப்பு ஒதுக்குவது அரிது. திருப்பதி, சித்தூர் இரண்டு ஜில்லா விளையாட்டு அதிகாரிகளும் அடுத்த முகாமிலாவது இதைச் சேர்த்தால் நல்லது.

குகேஷ் தமிழரா, தெலுங்கரா என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கட்டும். சத்தியவேட்டிலும், நகரியிலும், புத்தூரிலும், சித்தூரிலும் இரண்டு மொழியும் பேசிக்கொண்டு ஓடியும் ஆடியும் பழகுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த வாரமும் எங்கோ முதல் ரவுண்டில் தோற்கத்தான் போகிறார்.

அந்தச் சித்தூர்ப் பையனை அப்புறம் நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டியூட்டியில் யாராவது சதுரங்க விரிப்போடு ஜன்னலுக்கு வந்தால் இப்போதும் முகத்தைப் பார்க்கிறேன். இரண்டாவது ரவுண்டில் என்னதான் நடந்தது என்று அவன் சொல்ல வந்ததைக் கேட்க வேண்டும்.